வீட்டு ஜெனரேட்டர் எத்தனை கிலோவாட்? அமெரிக்க மின் விதி போடும் கணக்கு

2021 பிப்ரவரியில் ஊரி என்று பெயர்பெற்ற பனிப்புயல் டெக்சாஸை உறைய வைத்தபோது 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. மாநில சுகாதாரத் துறையின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். 2024 ஜூலை 8 அன்று பெரில் சூறாவளி கரையேறியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருண்டன. கொதிக்கும் கோடையில் பல வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் ஏசி இல்லாமல் கிடந்தன.

அதன் பிறகு டெக்சாஸின் புறநகர்களில், ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டியையும் பார்க்க முடிகிறது. மின்சாரம் போன சில நொடிகளில் தானே கிளம்பும் ஜெனரேட்டர் அது. கேட்டி, ஷுகர்லேண்ட், பேர்லேண்ட் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதிகளிலும் இதைப் பற்றிய விசாரிப்பு உண்டு. விசாரிக்கத் தொடங்கியதும் குழப்பமும் தொடங்கிவிடுகிறது. ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு ஓர் ஒப்பந்ததாரர் 14 கிலோவாட் போதும் என்கிறார். இன்னொருவர் 24 வேண்டும் என்கிறார். மூன்றாமவர், 30-க்குக் குறைந்தால் நகராட்சி ஆய்வாளர் ஒப்புதல் தரமாட்டார் என்கிறார். இவற்றுக்கிடையே விலை வித்தியாசம் பல ஆயிரம் டாலர்.

இவர்களில் யார் சொல்வது பொய் என்று சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் மூவருமே சரியாகச் சொல்லியிருக்கக்கூடும். இந்த வீட்டுக்கு இத்தனை கிலோவாட் என்று விதி எங்கும் எழுதி வைக்கவில்லை. மின்சாரம் போன நொடியில் எந்தெந்தச் சாதனங்களை ஜெனரேட்டரின் தலையில் ஏற்றுவது என்று தீர்மானிப்பது யார், வீட்டில் இருக்கும் மனிதரா, சுவரில் இருக்கும் சுவிட்சா? விதி கேட்பது இதைத்தான். இதற்கான பதிலைப் பொறுத்தே அளவு மாறுகிறது.

## எந்த விதி, எந்தப் பிரிவு

அமெரிக்காவில் வீட்டு மின்வேலைகளுக்கு அடிப்படை தேசிய மின் விதித்தொகுப்பு. சுருக்கமாக என்.இ.சி. என்பார்கள். தேசியத் தீத்தடுப்புச் சங்கம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைத் திருத்தி வெளியிடுகிறது. சங்கம் வெளியிட்டதும் அது சட்டமாகிவிடாது. ஒரு மாநிலமோ நகராட்சியோ எந்தப் பதிப்பை ஏற்றுக்கொள்கிறதோ அதுதான் அங்கே சட்டம். டெக்சாஸ் 2023 பதிப்பை அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் ஏற்றுக்கொண்டது. பக்கத்து மாநிலத்தில் பழைய பதிப்பே நடைமுறையில் இருக்கலாம். கீழே வரும் எண்கள் 2023 பதிப்பை ஒட்டியவை.

மாற்று மின்சாரத்தை இந்தத் தொகுப்பு மூன்று தட்டுகளாகப் பிரிக்கிறது.

1. பிரிவு 700, அவசரகால மின்சாரம். மக்கள் கூடும் பெரிய கட்டடங்களில் வெளியேறும் வழிக்கான விளக்கு, தீ எச்சரிக்கை மணி போன்ற உயிர்காக்கும் சாதனங்களுக்கானது.
2. பிரிவு 701, சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய மாற்று மின்சாரம். புகையை வெளியேற்றும் விசிறி, கழிவுநீர் அகற்றும் எந்திரம் போன்றவை நின்றால் மீட்புப் பணி தடைபடும் என்ற இடங்களுக்கானது.
3. பிரிவு 702, விருப்பத்தின்பேரில் வைத்துக்கொள்ளும் மாற்று மின்சாரம். வீட்டு ஜெனரேட்டர் வருவது இங்கேதான்.

'விருப்பத்தின்பேரில்' என்ற சொல் பலரைத் தவறான வழிக்கு இழுத்துவிடுகிறது. ஜெனரேட்டர் வைப்பதும் வைக்காததும்தான் வீட்டுக்காரரின் விருப்பம். வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் 702 முழுவதும் கட்டாயம்.

## கையா, தானியங்கியா

அளவைப் பற்றிப் பேசும் விதியின் எண் 702.4. அதன் சாரம் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

சுமையை, அதாவது வீட்டுச் சாதனங்கள் இழுக்கும் மின்சாரத்தை, ஜெனரேட்டருக்கு மாற்றும் வேலை கையால் நடந்தால், ஒரே நேரத்தில் ஓட்ட நினைக்கும் சாதனங்களுக்குப் போதுமான ஜெனரேட்டர் இருந்தால் போதும்; எவற்றை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயன்படுத்துபவருக்கே உண்டு. தானியங்கிச் சுவிட்ச் அந்த வேலையைச் செய்தால், அது மாற்றிவிடும் சுமை முழுவதையும் தாங்கும் வலிமை ஜெனரேட்டருக்கு இருக்க வேண்டும். அல்லது சுமையைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருந்து, அந்த ஏற்பாடு அனுமதிக்கும் உச்சச் சுமையையாவது தாங்க வேண்டும்.

இந்த வேறுபாடு 2008 பதிப்பில்தான் அழுத்தமாக நுழைந்தது. அதற்கு முன்பு, தானியங்கிச் சுவிட்ச் இருந்தாலும் எவ்வளவு சிறிய ஜெனரேட்டரை வேண்டுமானாலும் மாட்டிவிட்டு, 'வீட்டுக்காரர் பார்த்து ஓட்டிக்கொள்வார்' என்று சொல்லிவிட முடிந்தது. அந்தப் பதிலில் உள்ள ஓட்டையை யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டு மாதப் பிற்பகல். வீட்டில் யாரும் இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, ட்ரையரில் துணி சுழல்கிறது. மின்சாரம் போகிறது. பத்துப் பதினைந்து நொடிகளில் ஜெனரேட்டர் கிளம்பி, தானியங்கிச் சுவிட்ச் வீட்டின் மொத்தச் சுமையையும் ஒரே அடியாக அதன்மேல் இறக்குகிறது. பார்த்து ஓட்டிக்கொள்ள அங்கே யாருமே இல்லை. எந்திரம் திணறி மின்னழுத்தம் சரியும். குறைந்த அழுத்தத்தில் ஏசி கம்பிரசரும் ஃபிரிட்ஜ் மோட்டாரும் சூடேறும். கடைசியில் பிரேக்கர் விழுந்து வீடு மறுபடி இருளும். வீட்டுக்காரர் திரும்பி வரும்போது ஃபிரீசரில் இருந்தவை உருகியிருக்கும். 2008 திருத்தம் தடுக்க நினைத்தது இந்த நிலையைத்தான். என் பார்வையில் 702-இல் உள்ள வரிகளில் மிக நியாயமானது இது.

நம் ஊரில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதாக இராது. இன்வெர்ட்டர் மாட்டும்போது எலெக்ட்ரீஷியன் ஃபேன், லைட், டிவி இணைப்புகளை மட்டும் தனியாகப் பிரித்து அதனோடு சேர்ப்பார். கீசரையும் ஏசியையும் வெளியே விட்டுவிடுவார். தானாக மாறும் கருவியிடம் தாங்கக்கூடிய சுமையை மட்டும் ஒப்படைக்க வேண்டும் என்ற அதே அறிவுதான் இங்கே விதியாக எழுதப்பட்டிருக்கிறது.

## 200 ஆம்ப் பேனல் என்றால் 48 கிலோவாட் வேண்டுமா?

வேண்டியதில்லை. பேனல் என்பது வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் முதன்மை மின்பெட்டி. இந்தத் தவறான கணக்கு எப்படி வருகிறது என்று பார்த்தால் மற்றவை எளிதில் புரியும்.

அமெரிக்க வீடுகளுக்கு 240 வோல்ட் வருகிறது. நடுவே நியூட்ரல் கம்பி இருப்பதால் அதையே இரண்டு 120 வோல்ட்டாகவும் பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். வோல்ட்டை ஆம்பால் பெருக்கினால் வோல்ட்-ஆம்பியர், அதாவது வி.ஏ. கிடைக்கும். 240-ஐ 200-ஆல் பெருக்கினால் 48,000 வி.ஏ. வீட்டு வகை ஜெனரேட்டர்களைப் பொறுத்தவரை வி.ஏ.வையும் வாட்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். எனவே 48 கிலோவாட் என்ற எண் வருகிறது.

ஆனால் 200 ஆம்ப் என்பது பேனல் தாங்கக்கூடிய எல்லை. வீடு இழுக்கும் அளவு அதுவாக இருப்பதில்லை. அந்த அளவைக் கண்டுபிடிக்கும் வழியைப் பிரிவு 220 சொல்கிறது.

## ஒரு வீட்டின் கணக்கு

பிரிவு 220-இல் முழு வீட்டுக்கு இரண்டு முறைகள் உண்டு. 220.82 என்ற மாற்று முறை எளிது. குறைந்தது 100 ஆம்ப் இணைப்பு உள்ள வீட்டுக்குப் பொருந்தும். 2,400 சதுர அடி, சூடேற்றவும் தண்ணீர் காய்ச்சவும் கேஸ், சமையலுக்கும் துணி உலர்த்தவும் மின்சாரம் என்று ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம்.

1. பொதுவான விளக்கும் பிளக்குகளும்: சதுர அடிக்கு 3 வி.ஏ. ஆக 7,200.
2. சமையலறை மேடைப் பிளக்குகளுக்குக் குறைந்தது இரண்டு சர்க்யூட், ஒவ்வொன்றுக்கும் 1,500. ஆக 3,000.
3. சலவை சர்க்யூட்: 1,500.
4. மின் அடுப்பு: பெயர்ப்பலகையில் உள்ளபடி 12,000.
5. ட்ரையர்: 5,000.
6. டிஷ்வாஷர் 1,200, சிங்க் அடியில் உள்ள கழிவரைப்பான் 800, சுவரோடு பொருத்திய மைக்ரோவேவ் 1,500. ஆக 3,500.

கூட்டினால் 32,200 வி.ஏ. இதில் முதல் 10,000-ஐ முழுமையாக எடுக்க வேண்டும். மீதமுள்ள 22,200-இல் 40 சதவீதம் மட்டும், அதாவது 8,880. இரண்டும் சேர்ந்து 18,880.

ஏசியை இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. குளிரூட்டல், சூடேற்றல் இரண்டில் பெரியது எதுவோ அதை மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது என்பது காரணம். ஏசிக்குத் தள்ளுபடி எதுவும் இல்லை, 100 சதவீதம். வெளிப்பெட்டியும் உள்ளே இருக்கும் ஊதுவிசிறியும் சேர்த்து 6,000 வி.ஏ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 24,880. இதை 240-ஆல் வகுத்தால் சுமார் 104 ஆம்ப். பேனலில் 200 என்று எழுதியிருந்தாலும் கணக்குப்படி வீட்டின் தேவை அதில் பாதியைச் சற்றுத்தான் தாண்டுகிறது.

அந்த 40 சதவீதத்தைக் கண்டு பலர் சந்தேகப்படுகிறார்கள். 12,000 வி.ஏ. அடுப்பை எப்படி இவ்வளவு குறைத்து எழுதலாம்? அடுப்பின் நான்கு வட்டுகளும் கீழே உள்ள ஓவனும் ஒன்றாக உச்சத்தில் எரிவது அரிது. ஓவன் சூடேறியதும் தெர்மோஸ்டாட் அதை அணைத்து அணைத்துப் போடும். ட்ரையரும் அப்படித்தான். அடுப்பு, ட்ரையர், டிஷ்வாஷர், அரைப்பான், வீட்டிலுள்ள எல்லா விளக்கும் ஒரே கணத்தில் முழுச் சுமையில் சேர்வது நடைமுறையில் நேராத ஒன்று. வீடு பெரிதாகப் பெரிதாக, சாதனங்கள் கூடக் கூட, இப்படி ஒன்றின் ஓய்வில் இன்னொன்று ஓடும் வாய்ப்பு அதிகரிக்கிறது. முதல் 10,000-க்குச் சலுகை கிடையாது, அதற்கு மேல்தான் சலுகை என்று விதி வகுத்திருப்பதன் பொருள் இதுதான்.

## 24 என்று பெட்டியில் எழுதியிருப்பது எதை?

நம் மாதிரி வீட்டுக்கு 24.88 கிலோவாட் வேண்டும் என்று வந்தது. சந்தையில் பரவலாக விற்கும் 24 கிலோவாட் எந்திரம் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் தோன்றும். இங்கேதான் வாங்குபவர்கள் அதிகம் இடறுகிறார்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும், தொட்டியில் நிரப்பி வைக்கும் புரொப்பேன் எரிபொருளுக்கானது. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் ஆற்றல் அடர்த்தி குறைவு; அதே எஞ்சின் அதில் ஓடும்போது திறனும் குறையும். புரொப்பேனில் 24 தரும் பரவலான ஒரு மாடல், குழாய் வாயுவில் 21 தான் தருகிறது. 26 என்று விற்கப்படுவது 22.5 தருகிறது. ஆய்வாளர் பார்க்க வேண்டியது, அந்த வீட்டில் பயன்படும் எரிபொருளுக்குரிய எண்ணை.

இதோடு உயரத்தையும் வெப்பத்தையும் கழிக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் காற்று மெலிந்து எஞ்சினின் திறன் சுமார் 3 முதல் 4 சதவீதம் இறங்கும். ஹூஸ்டனில் உயரம் பொருட்டே இல்லை. ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வரிலோ ஐந்தில் ஒரு பங்குவரை போய்விடும்.

ஆக, குழாய் வாயு உள்ள நம் வீட்டுக்கு 21 கிலோவாட் போதாது, 22.5 போதாது. முழுச் சுமையையும் தானியங்கியாக மாற்ற வேண்டும் என்றால் 25-க்கு மேல் உண்மையாகவே தரும் எந்திரம் வேண்டும். காற்றால் குளிரும் மலிவான வகைகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் கார் எஞ்சின்போல் ரேடியேட்டரும் குளிர்விக்கும் திரவமும் கொண்ட வகைக்குத் தாவ வேண்டும். விலையும் கூடவே தாவும். 30-க்குக் குறையாமல் வேண்டும் என்ற மூன்றாவது ஒப்பந்ததாரர் போட்ட கணக்கு இதுதான்.

## இரண்டாவது வழி: சுமையை அடக்குவது

24 சொன்னவர் விதியின் அடுத்த பாதியைப் பயன்படுத்துகிறார். சுமை மேலாண்மை என்று அதற்குப் பெயர். பெரிய சாதனங்களின் கம்பியில் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியைச் சேர்ப்பார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது அதன் சுமையை இக்கருவிகள் கவனிக்கும். சில வகைகள் மின்னோட்டத்தை அளக்கும். சில வகைகள் அதிர்வெண்ணைப் பார்க்கும். 60 ஹெர்ட்ஸில் சுழல வேண்டிய எந்திரம் சுமை தாங்காமல் மெதுவாகும்போது அதிர்வெண் இறங்கும். அதுவே அபாயக் குரல். உடனே முன்னுரிமை குறைந்த சாதனம் துண்டிக்கப்படும். இடம் கிடைத்ததும் சில நிமிடங்கள் கழித்து மறுபடி சேரும்.

கணக்கில் இது என்ன மாற்றம் செய்கிறது? ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அடுப்பையும் ட்ரையரையும் பூட்டி வைத்துவிட்டால் 32,200-இலிருந்து 17,000 கழிகிறது. மீதி 15,200. முதல் 10,000 முழுதாக, மீதி 5,200-இல் 40 சதவீதமாக 2,080. இரண்டும் 12,080. ஏசி 6,000 சேர்த்தால் 18,080. குழாய் வாயுவில் 21 தரும் எந்திரத்துக்குள் வசதியாக அடங்கிவிட்டது. ஏசியை மட்டும் பூட்டிவிட்டு அடுப்பையும் ட்ரையரையும் விட்டாலும் 18,880 தான், அதுவும் அடங்கும். ஹூஸ்டன் கோடையில் எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். வயதானவர்களோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் ஏசியைக் காப்பாற்றி, துணியைக் கொடியில் காயவைப்பதே சரி என்பது என் கருத்து.

ஓர் எச்சரிக்கை. சுமை மேலாண்மைக் கருவி இருக்கிறது என்ற சொல் மட்டும் போதாது. எந்தெந்தச் சர்க்யூட்டில் அது இருக்கிறது, அது அனுமதிக்கும் உச்சம் எவ்வளவு என்பது பர்மிட் விண்ணப்பத்தோடு தரும் கணக்கில் எழுத்தாக இருக்க வேண்டும்.

## மூன்றாவது வழி: சிறிய பேனல்

14 சொன்னவர் இன்வெர்ட்டர் வழியைப் பின்பற்றுகிறார். முதன்மைப் பேனலிலிருந்து முக்கியமான சர்க்யூட்டுகளை மட்டும் பிரித்து ஒரு துணைப் பேனலுக்கு மாற்றி, தானியங்கிச் சுவிட்சை அதற்கு முன்னால் வைத்துவிடுகிறார். சுவிட்ச் மாற்றுவது அந்தச் சிறு பேனலை மட்டும் என்பதால், ஜெனரேட்டர் அதைத் தாங்கினால் போதும். வீட்டின் பாதிப் பரப்புக்கு விளக்கு 3,600, சமையலறை 3,000, ஏசி 6,000 என்று எடுத்தால் 12,600. 14 கிலோவாட்டுக்குள் அடங்கும். இதில் கவனிக்க ஒன்று உண்டு: 40 சதவீதச் சலுகை முழு வீட்டின் சுமைக்கானது. துணைப் பேனலுக்கு வழக்கமான முறையில் உருப்படி உருப்படியாகக் கணக்கிட வேண்டும். மேலே உள்ள 12,600 எல்லாவற்றையும் முழு மதிப்பில் எடுத்த கணக்கு.

## மீட்டர் சொல்லும் சாட்சி

பல ஆண்டுகள் வாழ்ந்த வீடென்றால் ஊகக் கணக்கைவிட நல்ல ஆதாரம் ஏற்கனவே இருக்கிறது. 220.87 என்ற விதி, ஓராண்டின் உச்சத் தேவைப் பதிவு கிடைத்தால் அதை 125 சதவீதமாக்கி, ஏற்கனவே இருக்கும் சுமையாகக் கொள்ள இடம் தருகிறது. ஓராண்டுப் பதிவு இல்லையென்றால் 30 நாள் அளந்து பார்க்கலாம். அதற்கு 15 நிமிட இடைவெளியில் பதிவு வேண்டும். கூரையில் சோலார் இருக்கும் வீட்டுக்கு இந்த 30 நாள் குறுக்குவழி கிடையாது.

டெக்சாஸின் பெரும்பகுதியில் ஸ்மார்ட் மீட்டர்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கின்றன. வாடிக்கையாளர் தன் பதிவைத் தானே இறக்கிக்கொள்ளலாம். ஆண்டிலேயே அதிகமான ஒரு 15 நிமிடத்தில் 3.1 யூனிட் ஓடியிருந்தால், நான்கால் பெருக்க 12.4 கிலோவாட். அதில் 125 சதவீதம் 15.5. பிரிவு 220.82 அதே வீட்டுக்கு 24.88 என்றது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது, அது பணமாகவும் மாறும். பல ஆய்வாளர்கள் இந்த ஆதாரத்தை ஏற்கிறார்கள். ஆனால் ஏற்பது அவர்கள் கையில் இருப்பதால், எந்திரம் வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

## விதி கணக்கிடாத மூன்று

விதிக் கணக்கில் தேறிய ஜெனரேட்டர் உண்மையில் தடுமாறக்கூடும். ஏனென்றால் விதி பாதுகாப்பின் குறைந்தபட்ச எல்லை. நன்றாக ஓடுமா என்பது பொறியியல்.

1. மோட்டார் கிளம்பும் கணம். ஏசி கம்பிரசர் ஓடும்போது 20 ஆம்ப் இழுத்தால், நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஒரு நொடிக்குள் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த எண் வெளிப்பெட்டியின் பெயர்ப்பலகையில் எல்.ஆர்.ஏ. என்ற எழுத்துகளுக்கு எதிரே இருக்கும். மின்வாரியக் கம்பி இந்த உதையை உணராது. 14 கிலோவாட் எந்திரம் நன்றாகவே உணரும். விளக்குகள் மங்கும், சில நேரம் கம்பிரசர் கிளம்பாமலே முனகும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு கருவியை ஏசியில் பொருத்தினால் இந்த உதை பெருமளவு தணியும். பெரிய ஜெனரேட்டருக்குச் செலவிடுவதைவிட இது மிக மலிவு.

2. வாயுக் குழாய். குழாய் வாயுவில் 21 கிலோவாட் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு சுமார் 300 கன அடி வாயு எரியும். பல வீடுகளின் வாயு மீட்டரே 250 கன அடி அளவுக்கானது. அதில் ஏற்கனவே சூடேற்றியும் வாட்டர் ஹீட்டரும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மீட்டரை மாற்றாமல், குழாயின் விட்டத்தைப் பார்க்காமல் எந்திரத்தை மட்டும் வைத்தால், கடும் குளிர் இரவில் வாயு அழுத்தம் போதாமல் ஜெனரேட்டரும் நிற்கும், சூடேற்றியும் நிற்கும். எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை இது.

3. வாயு எங்கிருந்து வருகிறது. ஊரி புயலின்போது டெக்சாஸின் வாயுக் கிணறுகளும் பதப்படுத்தும் ஆலைகளும் உறைந்து உற்பத்தியே சரிந்தது. மின்சாரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். புரொப்பேன் தொட்டி வைத்தவருக்கு எரிபொருள் கைவசம் இருக்கும், ஆனால் அளவோடு. 500 காலன் தொட்டியை 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். பாதிச் சுமையில் மணிக்குச் சுமார் இரண்டரை காலன் என்றால் 400 காலன் ஏறக்குறைய ஆறரை நாள்.

## சுவிட்சும் நியூட்ரலும்

அளவு சரியாக இருந்து, மாற்றுச் சுவிட்ச் தவறினால் உயிர் போகும். ஜெனரேட்டர் மின்சாரமும் வெளிக்கம்பி மின்சாரமும் எந்த நிலையிலும் சேரக்கூடாது என்பது 702.5. ட்ரையர் பிளக்கில் இருபுறமும் ஆண்முனை உள்ள கம்பியைச் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதில் மின்சாரம் வீட்டோடு நிற்காது. தெருக்கம்பத்தின் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்து, 240 வோல்ட் சுமார் 7,000 வோல்ட்டாக ஏறிவிடும். கம்பி செத்துவிட்டது என்று நம்பி ஏறும் லைன்மேன்தான் அதைத் தொடுவார்.

தானியங்கிச் சுவிட்சை மீட்டருக்கும் முதன்மைப் பேனலுக்கும் இடையே வைக்கும்போது இன்னொரு வேலை சேர்ந்துகொள்கிறது. நியூட்ரலும் எர்த்தும் இணையும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அது இப்போது சுவிட்ச் பெட்டிக்கு நகர்ந்துவிட்டது. பழைய பேனல் துணைப் பேனலாகிவிட்டதால் அதில் நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்தாக வேண்டும். இதை விட்டுவிட்டால் ஆபத்தான மின்னோட்டம் எர்த் கம்பியிலும் உலோகக் குழாய்களிலும் ஓடத் தொடங்கும். வெளியே எதுவும் தெரியாது. ஆய்வில் அடிக்கடி திருப்பி அனுப்பப்படும் வேலைகளில் இது ஒன்று.

இடத்தைப் பற்றியும் விதிகள் உண்டு. ஜன்னல், கதவு, காற்றுத் துளைகளிலிருந்து ஐந்தடி தள்ளி வைப்பது அடிப்படை. அவசரத்தில் எந்திரத்தை நிறுத்தும் பொத்தான், எளிதில் எட்டும் வகையில் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மீட்டருக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அறிவிப்புப் பலகை வேண்டும். தீயணைப்பு வீரர் மீட்டரை இழுத்து வீட்டை அணைத்துவிட்டதாக நினைக்கும்போது ஜெனரேட்டர் கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் அந்தப் பலகை ஏன் என்று விளங்கும்.

## பிறகு சேரும் சுமை

ஒப்புதல் பெற்ற கணக்கு அன்றிருந்த வீட்டுக்கானது. இரண்டு ஆண்டு கழித்து மின்கார் வாங்கி, கரேஜில் 48 ஆம்ப் சார்ஜர் மாட்டினால் 11,520 வி.ஏ. புதிதாகச் சேர்கிறது. 21 கிலோவாட் எந்திரத்தின் பாதிக்கு மேல் அது ஒன்றே விழுங்கும். அதுவும் இரவு முழுவதும் விடாமல். அடுப்பைப்போல் இடையிடையே அணைந்து எரியும் சுமை அது இல்லை. சார்ஜருக்கு பர்மிட் கேட்கும்போது பெரும்பாலும் பேனலின் 200 ஆம்பைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். பேனல் தாங்கும் என்று கையெழுத்தும் விழுந்துவிடும். ஆனால் தானியங்கிச் சுவிட்ச் முழு வீட்டையும் மாற்றும் வீட்டில், அடுத்த புயலன்று அந்தச் சார்ஜரும் ஜெனரேட்டரின் தலையில்தான் விழும். சார்ஜர் மாட்ட வரும் எலெக்ட்ரீஷியனிடம் ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையைக் காட்டி, பழைய சுமைக் கணக்கைக் கையில் கொடுத்து, சார்ஜருக்கும் ஒரு துண்டிப்புக் கருவியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குத் தாளின் நகலைப் பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தால், வீட்டை அடுத்து வாங்குபவருக்கும் அது கிடைக்கும்.